பேய்க்கணவாய்

‘சாதி எனும் ஆக்டோபஸ்’, ‘ஏகாதிபத்தியத்தின் ஆக்டோபஸ் கரங்கள்’ என்று எழுதாத துண்டறிக்கை நம்மிடையே குறைவு. மேடையில் இந்த வரி வந்ததும் கைதட்டல் எழும். எனக்குக் கை எழும்பாது. இதற்குச் சித்தாந்தக் காரணம் ஒன்றும் கிடையாது. அது நாங்கள் தின்று வளர்ந்த பிராணி. எட்டுக் கையை நீட்டி உலகத்தையே வளைத்துப் பிடிக்கிற அரக்கன் என்று தோழர் முழங்கும்போது, எங்கம்மா மண்சட்டியில் மஞ்சத்தூள் போட்டு வேகவைத்த, சுருண்டு சுண்டிப்போய் ஒரு கைப்பிடிகூடத் தேறாத சின்னச் சீவன்தான் என் கண்ணுக்கு முன்னால் வரும்.

இந்த உவமை நம்முடையதும் அல்ல. 1877இல் பிரெட் ரோஸ் என்கிற ஆங்கிலேயர் வரைந்த ஐரோப்பிய வரைபடத்தில் ரஷ்யா ஆக்டோபஸாகக் கிடக்கிறது. 1904இல் அமெரிக்காவின் ‘பக்’ பத்திரிகை ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனியை அப்படி வரைந்தது. அதுவரைக்கும் சரி, அதிகாரத்தைத் தாக்கிய படம் என்று விட்டுவிடலாம். ஆனால் நாஜிகளும் இதே படத்தைத்தான் எடுத்தார்கள். பூமிமேல் கை பரப்பிய ஆக்டோபஸாக யூதர்களை வரைந்தார்கள். அடுத்து என்ன நடந்தது என்று உலகத்துக்குத் தெரியும். விலங்குகளின் பேரைச் சொல்லி வையப்பட்டவர்கள் நாம். ஒரு விலங்கை வசவாகக் கையில் எடுக்குமுன் அது என்ன, எப்படி வாழ்கிறது என்றாவது கேட்டுக்கொள்ளலாம்.

தமிழில் அதற்குப் பேர் இருக்கிறது. ஆக்டோபஸ் என்று பத்திரிகைக்காரர்கள்தான் எழுதுகிறார்கள். கடற்கரையில் ஊசிக்கணவாய், ஓட்டுக்கணவாய், பேய்க்கணவாய் என்பார்கள். முதல் இரண்டுக்கும் உடம்புக்குள் ஒரு தாங்கல் இருக்கும். ஓட்டுக்கணவாயின் அந்த வெள்ளை ஓட்டைக் கடல்நுரை என்று நாட்டுமருந்துக் கடையில் விற்பார்கள். மூன்றாவதற்கு ஓடும் இல்லை, முள்ளும் இல்லை. அதனால் பேய். சுரைக்காயில் கசப்பது பேய்ச்சுரை, பீர்க்கில் பேய்ப்பீர்க்கு, புடலில் பேய்ப்புடல். ஊருக்குள் சேர்க்கத் தகாத வகைக்கு முன்னால் ஒரு பேயை ஒட்டிவிடுவது தமிழின் பழக்கம். மொழிக்குள்ளேயே ஒரு சேரி கட்டி வைத்திருக்கிறோம்.

நெய்வேலி கடலோர ஊர் அல்ல. கடலூர் முதுநகர்த் துறைமுகமோ பரங்கிப்பேட்டையோ போக வேண்டுமானால் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 1956இல் கம்பெனி தொடங்கி, 1957இல் மண்ணை வெட்ட ஆரம்பித்து, காட்டுக்கு நடுவே வட்டம் வட்டமாகப் பிரித்து எண் போட்டு எழுப்பிய நகரியம் அது. மரம் வரிசையாக நிற்கும். குவார்ட்டர்ஸ் வரிசையாக நிற்கும். எந்த வகைக் குவார்ட்டர்ஸ் என்று சொன்னால் உத்தியோகம் தெரிந்துவிடும். நாங்கள் வட்டத்துக்கு வெளியே, மந்தாரக்குப்பம் பக்கம் ஒரு காலனி. அப்பா சுரங்கத்தில் ஒரு ஒப்பந்தக்காரரிடம் கூலி. அம்மா நகரியத்துக்குள் மூன்று வீட்டில் பத்துப்பாத்திரம். எனக்குச் சின்ன வயசில் கடல் என்பது கடைத்தெருவில் பஸ்ஸிலிருந்து இறங்குகிற அன்னக்கூடைதான். அதிலிருந்து ஒழுகுகிற தண்ணிதான்.

மீன்காரம்மாவிடம் அம்மா கடைசியாகத்தான் போவாள். நல்ல மீன் எல்லாம் போனபிறகு.

“இந்தா பொண்ணே, இத எடுத்துக்கினு போ. காசு வேணாம்.”

“இது இன்னாக்கா, கையும் காலுமா?”

“பேய்க்கணவா. வலையில வந்து மாட்டிக்கும். குடித்தனக்காரங்க தொடமாட்டாங்க. உங்களுக்கு இன்னா.”

அந்தக் கடைசிச் சொல்லைக் கவனியுங்கள். கூடை சுமக்கிற அந்த அம்மாவும் பஸ்ஸில் கண்டக்டரிடம் நாத்தம் பிடித்தவள் என்று திட்டு வாங்கித்தான் வந்திருப்பாள். அவளுக்கும் கீழே யார் இருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அம்மா வாங்கிக்கொண்டாள். ஐந்து வயிறு.

சில நாள் கூடையில் கிடக்கும்போதே அதன் தோல் மினுக்கும். செத்துப்போன உடம்பின் மேல் பழுப்பும் வெளுப்புமாகப் புள்ளிகள் விரியும், சுருங்கும். நாங்கள் சுற்றி உட்கார்ந்து பார்ப்போம். பேய் என்கிற பேருக்கு அது போதுமான சாட்சியாக இருந்தது. அம்மா உப்புப் போட்டுத் தேய்த்து, வழவழப்புப் போகக் கழுவி, வேகவைத்து, தோலை உரித்து, துண்டு போட்டுப் புளிக்குழம்பு வைப்பாள். வேகிறபோது தண்ணி விட்டுக்கொண்டு பாதியாகச் சுருங்கிவிடும். மெல்ல மெல்லப் பல் வலிக்கும். ருசி நண்டுக்கும் எறாலுக்கும் நடுவில். நண்டையும் எறாலையும் தின்றுதானே அது வளர்கிறது.

வாசனை வட்டத்துக்குள் போய்விட்டது. அம்மா வேலை செய்த வீடுகளில் ஒன்றில் ஒரு நாள், “உங்க வீட்ல அந்த எட்டுக்கால் பேயக்கூட சாப்பிடுவீங்களாமே?” என்று கேட்டிருக்கிறார்கள். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்களாம். மறுநாளிலிருந்து அடுப்பங்கரைக்குள் வர வேண்டாம், வாசல் தெளித்து, தோட்டத்துக் குழாயில் பாத்திரம் துலக்கினால் போதும் என்றார்கள். சம்பளம் பாதியாயிற்று. சாதிப் பேர் எங்கும் வரவில்லை. கணவாயின் பேரே வேலையை முடித்துவிட்டது.

பக்கத்தில்தான் வடலூர். வள்ளலார் 1867இல் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. சாதியை மறுத்த பெரியவர். என் பாட்டி பஞ்ச காலத்தில் அங்கே தின்ற சோற்றைச் சாகிறவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த நன்றி எனக்கும் உண்டு. ஆனால் கொலையும் புலையும் விட்டவர் அக இனம், விடாதவர் புற இனம் என்று அவரும் ஒரு கோடு போட்டார். பசித்த புற இனத்தாருக்கும் சோறு போடச் சொன்னார் என்பது உண்மை. கோடு கோடுதான். புலை என்கிற ஒரே சொல் தமிழில் இறைச்சிக்கும் இழிவுக்கும் ஒரு சாதிக்கும் பேராக இருப்பதை இலக்கணப் புலவர்கள் தற்செயல் என்று சொல்லிக்கொள்ளட்டும்.

கல்லூரியில் விலங்கியல் எடுத்தேன். செய்முறை வகுப்பில் கணவாயை அறுத்துக் காட்ட வேண்டும். ஃபார்மலின் நெடியில் பையன்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றபோது ஆசிரியர் என்னைப் பார்த்து, “நீ வாய்யா, உனக்கு இது பழக்கம்தானே” என்றார். வகுப்பே சிரித்தது. பழக்கம்தான். மற்றவர்கள் மைப்பையைக் கிழித்துக் கையெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டார்கள். என் மேசையில் ஒரு சொட்டு சிந்தவில்லை. அன்றைக்கு என் கத்திக்குக் கீழே மூன்று இதயத்தைப் பார்த்தேன். (2014இல் பல்கலைக்கழக மானியக் குழு இந்த அறுப்பையெல்லாம் நிறுத்தச் சொல்லிவிட்டது. நல்லதே.)

மூன்று இதயம் என்பது கவிதை இல்லை. இரண்டு, செவுளுக்கு ஒன்றாக நின்று அங்கே ரத்தத்தைத் தள்ளுகின்றன. மூன்றாவது உடம்பு முழுக்க அனுப்புகிறது. நீந்தும்போது அந்த மூன்றாவது நின்றுவிடுகிறது. அதனால்தான் பேய்க்கணவாய் நீந்துவதைவிடத் தரையில் ஊர்ந்து போவதையே விரும்பும். நீந்தினால் இளைத்துப்போகும். ரத்தத்தில் நமக்கு இரும்பு, அதற்குச் செம்பு. ஆகவே ரத்தம் நீலம். ஐரோப்பாவில் உயர்குடிக்காரனை நீல ரத்தக்காரன் என்பார்கள். ஸ்பெயின் நாட்டுப் பிரபுக்கள், மூர்களின் ரத்தம் கலக்காத தங்கள் வெளுத்த தோலுக்கடியில் நரம்பு நீலமாகத் தெரிகிறது என்று பீற்றிக்கொண்டதிலிருந்து வந்த பேச்சு. உண்மையிலேயே நீல ரத்தம் உள்ள உயிர் கடலூர்க் கரையில் குப்பைமீனோடு குப்பையாகக் கிடந்தது.

நம் கரையில் வலைக்கு அகப்படுகிற சின்ன வகைகளில் முக்கியமானது ஒன்று, ஆம்ஃபியாக்டோபஸ் ஏஜினா. 1849இல் ஜான் எட்வர்ட் கிரே என்பவர் இந்தப் பேரை வைத்தார். அதற்கு முன்னால் பல நூறு வருஷம் வலையில் வந்துகொண்டிருந்த பிராணிதான். பேர் வைத்த தேதிதான் புத்தகத்தில் ஏறும். மண்டபத்தில், பாக் நீரிணைப் பக்கம், இதன் இனப்பெருக்கத்தைப் பற்றி ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். உடம்பு கைக்குள் அடங்கும். கைகளையும் சேர்த்து நீட்டினால் ஒரு அடி வரும். ஆழமில்லாத கடலில், மணலும் சேறுமான தரையில் குழி பறித்தோ காலிச் சங்குக்குள் புகுந்தோ இருக்கும். தனியாகத்தான் இருக்கும். உலகத்தை வளைக்கிற நினைப்பு அதற்குக் கிடையாது. ஒளிய ஒரு பொந்து கிடைத்தால் போதும். இது தெரிந்துதான் பாக் நீரிணையில் சில கிராமத்து மீனவர்கள் காலிச் சங்குகளை ஒரு கயிற்றில் வரிசையாகக் கட்டிக் கடலில் போட்டுவைத்து, பிறகு இழுக்கிறார்கள். வலையும் இல்லை, தூண்டிலும் இல்லை. வீடு தேடி வருகிறதை வீட்டோடு பிடிப்பது. எனக்கு இதைப் படித்தபோது கொஞ்சம் வயிற்றைப் பிசைந்தது.

இதன் உறவுக்காரன் ஒன்று, ஆம்ஃபியாக்டோபஸ் மார்ஜினேட்டஸ். நம் கடலிலும் உண்டு. மனிதர்கள் தூக்கி எறிந்த தேங்காய்ச் சிரட்டையைச் சேற்றிலிருந்து தோண்டி எடுத்து, மண்ணைக் கழுவி, வயிற்றுக்குக் கீழே அடுக்கி, கைகளைக் கட்டைக்கால்போல ஊன்றித் தூக்கிக்கொண்டு நடக்கிறது. ஆபத்து வந்தால் இரண்டு சிரட்டையையும் மூடிக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிடும். இந்தோனேசியக் கடலில் இதைப் பார்த்து ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2009இல் எழுதினார்கள். பின்னால் பயன்படும் என்று ஒரு கருவியை முதுகெலும்பில்லாத உயிர் சுமந்து திரிகிறது என்பது அன்றைக்குப் பெரிய செய்தி. முதுகெலும்பு இல்லாதவன் என்பது நம் மேடைகளில் இன்னொரு வசவு. அதையும் திரும்பிப் பார்க்க வேண்டும்.

தோல் மினுக்கியதற்கும் விடை கிடைத்தது. தோலுக்குள் நிறப்பைகள். ஒவ்வொன்றையும் சுற்றிக் குட்டித் தசைகள். தசை இழுத்தால் பை விரிந்து நிறம் தெரியும், விட்டால் மறையும். நரம்பு நேராக இயக்குவதால் கண் சிமிட்டும் நேரத்தில் உடம்பு மணலாகும், பாசியாகும். உயிர் போன பிறகும் கொஞ்ச நேரம் நரம்பும் தசையும் தானாகத் துடித்துக்கொண்டிருக்கும். நாங்கள் கூடையில் பார்த்தது அதுதான். இதில் விசித்திரம், அதன் கண்ணுக்கு நிறம் பிரித்துப் பார்க்கத் தெரியாது. நம் கண்ணில் விழித்திரைக்கு முன்னால் நரம்பு ஓடி, ஒரு இடத்தில் துளைத்துக்கொண்டு பின்னால் போவதால் அங்கே ஒரு குருட்டுப்புள்ளி உண்டு. பேய்க்கணவாய்க் கண்ணில் நரம்பு பின்னாலிருந்தே கிளம்புகிறது. குருட்டுப்புள்ளி இல்லை. படைப்பின் உச்சம் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிற நமக்குத்தான் உண்டு.

பெரிய ஆக்டோபஸ் ஒன்றின் உடம்பில் சுமார் 50 கோடி நரம்பணுக்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கு தலையில் இல்லை, கைகளில் இருக்கிறது. ஒவ்வொரு உறிஞ்சியும் தொடுகிறபோதே ருசி பார்க்கிறது. பொந்துக்குள் நுழைந்த கை, தலையைக் கேட்காமலே நண்டா கல்லா என்று முடிவு செய்துவிடும். தலை யோசிக்கும், கை உழைக்கும் என்று பாதத்துக்கும் தலைக்கும் படிக்கட்டுக் கட்டிய புருஷ சூக்தக்காரர்கள் இந்த உடம்பைப் பார்த்திருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று சிரிப்பு வந்தது. அதற்குமேல் இதை நீட்ட எனக்கு இஷ்டமில்லை. வசவாக்குவது ஒரு பிழை என்றால், கொடியில் வரைந்து தலையில் வைத்துக்கொள்வது இன்னொன்று.

உயிரோடு நான் அதைப் பார்த்தது பிற்பாடுதான். பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்று முகத்துவாரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. அங்கே படித்த நண்பர் ஒருவர் கூட்டிக்கொண்டு போனார். கண்ணாடித் தொட்டியில் ஒரு மூலையில் சங்கு. சங்குக்குள் ஒரு கண். ரொம்ப நேரம் அது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் தொட்டியைச் சுற்றி நகர்ந்தால் கண்ணும் நகர்ந்தது. விரலைத் தண்ணிக்குள் விட்டேன். ஒரு கை மெல்ல வந்து விரல்நுனியில் ஒட்டியது, இழுத்தது, விட்டது. நண்பர் சொன்னார், “உங்கள ருசி பாக்குது.” இத்தனை வருஷம் நான் அதை ருசி பார்த்ததற்கு ஒரே ஒரு பதில் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி முட்டை. இதைத்தான் நான் எழுத நினைத்து உட்கார்ந்தது.

ஆண், தன் எட்டில் ஒரு கையால் விந்துப்பொதியைப் பெண்ணின் உடம்புக்குள் வைத்துவிட்டுப் போய்விடும். அதிக நாள் இருக்காது, செத்துவிடும். பெண் ஒரு சங்கையோ சிரட்டையையோ தேடி, உள்சுவரில் ஆயிரக்கணக்கில் முட்டைகளைச் சரம் சரமாகத் தொங்கவிடும். பிறகு வெளியே வராது. தண்ணியைப் பீய்ச்சி முட்டைக்குக் காற்றோட்டம் கொடுக்கும், கையால் தடவி அழுக்கெடுக்கும். தின்னாது. பக்கத்தில் நண்டு வந்தால் தள்ளிவிடும். நம் வெதுவெதுப்பான கடலில் முட்டை பொரிக்கச் சில வாரம். அதற்குள் உடம்பு உருகி, நிறம் வெளுத்து, குஞ்சுகள் வெளியேறிய கையோடு செத்துப்போகும். குஞ்சுகளுக்குத் தாய் தகப்பன் யாரையும் தெரியாது.

இதை வகுப்பில் சொன்ன ஆசிரியர், “தாய்மையின் தியாகம்” என்றார். பத்திரிகைகளிலும் அப்படித்தான் எழுதுகிறார்கள். 1977இல் ஜெரோம் வோடின்ஸ்கி என்கிற அமெரிக்க விஞ்ஞானி ஒரு காரியம் செய்தார். முட்டையோடு உட்கார்ந்திருந்த பெண்களின் கண்களுக்கு நடுவே இருக்கிற ஒரு சோடிச் சுரப்பியை எடுத்துவிட்டார். அவை முட்டையை விட்டு எழுந்தன. தின்றன. உடம்பு தேறியது. வழக்கத்தைவிடப் பல மாதம் கூடுதலாக வாழ்ந்தன. பட்டினியை நடத்தியது அந்தச் சுரப்பி. தியாகம் என்று பேர் வைத்தது நாம்.

எங்கம்மாவும் தின்னாமல் இருந்தவள்தான். எங்களுக்குப் போட்டுவிட்டுச் சட்டியை வழித்து, “எனக்குப் பசிக்கல, அங்க வேல செய்யிற வூட்ல துன்னுட்டேன்” என்பாள். அந்த வீட்டில் கொல்லைக் குழாய்த் தண்ணிதான் குடித்திருப்பாள் என்பது எங்களுக்குத் தெரியும். அவளுக்கு எந்தச் சுரப்பியும் சுரக்கவில்லை. ஒப்பந்தக்காரர் வாரக் கூலியை இழுத்தடித்தார், ரேசன் அரிசி பத்து நாளில் தீர்ந்தது, அவ்வளவுதான். கணவாயின் பட்டினி அதன் உடம்பில் எழுதியிருக்கிறது. அம்மாவின் பட்டினியை எழுதியவர்களுக்குக் கை உண்டு, கணக்குப் புத்தகம் உண்டு. நம் எழுத்திலும் பசித்த தாயைத் தெய்வமாக்கிவிட்டுக் கூலியைக் கேட்காமல் போகிற கதைகள் பெருகிவிட்டன. அம்மாவிடம் இதைப் பற்றிக் கேட்டேன். “தியாகமாவது மயிராவது, இருந்தா துன்னிருக்க மாட்டனா?” என்றாள்.

2021இல் ராபின் குரூக் என்கிற ஆய்வாளர் சான் பிரான்சிஸ்கோவில் சின்ன ஆக்டோபஸ்களுக்கு ஒரு கையில் லேசான அமிலத்தை ஊசியில் ஏற்றினார். ஊசி போட்ட அறையை அவை பிறகு தவிர்த்தன. குத்திய இடத்தை அலகால் பிறாண்டிக்கொண்டே இருந்தன. மரத்துப்போகிற மருந்து கொடுத்த அறைக்குத் திரும்பிப் போயின. அதிலிருந்துதான் அவற்றுக்கு நோகிறது என்று எழுதினார்கள். அடுத்த வருஷம் பிரிட்டன் தன் சட்டத்தில் ஆக்டோபஸையும் உணர்வுள்ள உயிர் என்று சேர்த்துக்கொண்டது. நோகிறது என்பதை நோகிறவர் சொன்னால் போதாது, மூன்று அறை கட்டிப் பரிசோதித்து இன்னொருவர் சொல்ல வேண்டும். வன்கொடுமை வழக்கில் சாட்சிக் கூண்டில் ஏறியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எலும்பில்லாத உடம்பு மண்ணில் தடம் விடுவது அபூர்வம். லெபனான் நாட்டுச் சுண்ணாம்புப் பாறையில் சுமார் ஒன்பதரைக் கோடி வருஷத்துக்கு முந்தைய சில பதிவுகள் அகப்பட்டிருக்கின்றன, எட்டுக் கையும் மைப்பையுமாக. நெய்வேலியில் நாம் வெட்டி எடுப்பது இலையும் கட்டையும் அமுங்கி உண்டான பழுப்பு நிலக்கரி. மரம் தடம் விட்டிருக்கிறது. அதைக் கண்டுபிடித்த கதையில் ஜம்புலிங்க முதலியாரின் பேர் இருக்கிறது, 1934 என்று வருஷம் இருக்கிறது. கிணறு அவர் நிலத்தில். தோண்டிய ஆளின் பேர் இல்லை. சுரங்கத்துக்கு நிலம் எடுத்த காலத்தில் செல்லுபடியான 1894ஆம் வருஷச் சட்டம் நிலத்தில் பாத்தியதை உள்ளவனுக்குத்தான் விலை கொடுக்கச் சொன்னது. அந்த நிலத்தில் நாற்று நட்டும் களை பறித்தும் பிழைத்த கூலிக்காரக் குடும்பமும் பாதிக்கப்பட்டதுதான் என்று சட்டம் ஒப்புக்கொள்ள 2013 வரை ஆயிற்று.

போன வருஷம் அம்மாவை அன்னங்கோயிலுக்கு அழைத்துப் போனேன். பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்தில் படகு அணைகிற இடம். எழுபதைத் தாண்டிவிட்டாள், கடலை அதுவரை கிட்டத்தில் பார்த்ததில்லை. கடலைப் பார்த்ததைவிடக் கூடைகளைத்தான் அதிகம் பார்த்தாள். முன்பு வலையிலிருந்து உதறிப் போட்டதை இப்போது தனியாகப் பொறுக்கி, அளவு பிரித்து, ஐஸ் போட்டு ஏஜெண்டுக்குக் கொடுக்கிறார்கள். 1990களுக்குப் பிறகு வெளிநாட்டுக்குப் போகிற சரக்கு அது. பெட்டிமேல் ஆக்டோபஸ் என்று எழுதியிருந்தது. பேய் போய்விட்டது.

அம்மா குனிந்து ஒன்றைத் தொட்டாள். புள்ளி ஒன்று விரிந்து மூடியது.

“இது எவ்ளோம்மா?”

தராசுக்காரப் பொண்ணு விலையைச் சொன்னாள். அம்மா கையை எடுத்துக்கொண்டாள். “அம்மாடி, இன்னா வெல” என்றாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பொண்ணுக்கே சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தாள்: உப்புப் போட்டுத் தேய்க்கணும், தோலு தானா வரும், மொதல்ல ஊத்துற தண்ணிய கொட்டிடக் கூடாது, அதுலதான் ருசி.